குளம்பைத் தூக்கிப் பார்த்தீர்களா?

சவாரிக் குதிரையின் உடல்நலம் ஊசியில் இல்லை, தினமும் காலைத் தடவிப் பார்க்கும் கையில் இருக்கிறது. சிலாபம் கரையில் அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் உண்டு. கைகள்தான் போதவில்லை.

ஏப்ரல் மாத நுவரெலியா. கிரகறி வாவிக்கரை. விடியுமுன் சிலாபத்தில் வேன் ஏறிய குடும்பம் ஒன்று, குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைக்குக் குதிரை ஏற வேண்டும். அப்பா விலை பேசுகிறார். அம்மா கைபேசியைத் தயார் செய்கிறார். மாமா பிள்ளையைத் தூக்கிச் சேணத்தில் இருத்துகிறார். குதிரை அசையவில்லை. ஒரு முன்னங்காலைச் சற்றே முன்னால் நீட்டி வைத்து, பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றியபடி நிற்கிறது. "எவ்வளவு சாதுவான குதிரை பாருங்கோ" என்கிறார் அம்மா. படத்தில் பிள்ளையின் சிரிப்பும் வாவியும் குதிரையின் இரண்டு காதுகளும் விழுகின்றன. கால் விழவில்லை.

பின்னங்காலை மடித்து ஓய்வெடுப்பது குதிரையின் வழக்கம், அதில் பயமில்லை. முன்னங்காலை நீட்டி வைப்பது வழக்கமல்ல. அந்தக் காலில் நோவு இருக்கிறது என்று சந்தேகிக்க அது ஒன்றே போதும். நாம் சாது என்று நினைப்பது பல நேரம் வலியாக இருக்கும்.

குதிரைச் சவாரி இப்போது கோல்ஃப் மைதானத்துப் பணக்காரரின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. கொழும்பில் சவாரி கற்றுத் தரும் இடங்கள் இருக்கின்றன. மலைநாட்டில் விடுமுறைச் சவாரி, கடற்கரையில் படத்துக்கு ஒரு குதிரை, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு குதிரை. ஏறும் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஏறப்படும் மிருகத்தின் காலை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் இன்னும் பெரிதாக எழவில்லை.

முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது

குதிரையின் உடற்கட்டு விசித்திரமானது. நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ எடை நான்கு குளம்பில் நிற்கிறது. அதில் ஏறத்தாழ 60 வீதம் முன்னங்கால் இரண்டின் பங்கு. சவாரிக் குதிரைகள் நொண்டும்போது பெரும்பாலும் முன்னங்காலில் நொண்டுவதும், அதிலும் குளம்பிலேயே கோளாறு இருப்பதும் இதனால்தான்.

முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பும், தசைநாண்களும், அவற்றைப் போர்த்திய தோலும்தான் உண்டு. இழுக்கும் தசைகள் எல்லாம் மேலே இருக்கின்றன. கால் இலேசாக வீசி ஓடுவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். பாய்ந்தோடும் குதிரையின் காலின் பின்பக்கத் தசைநாண் ஒவ்வோர் அடியிலும் அறுபடும் எல்லைக்கு அருகே நீள்கிறது. உள்ளே சூடு 45 பாகை செல்சியஸை எட்டுவதாக அளந்திருக்கிறார்கள். அந்த நாண் ஒருமுறை கிழிந்தால் பழையபடி ஆவதில்லை. தழும்புத் திசுவாகத்தான் ஆறும். ஆறி முடிந்து மறுபடி வேலைக்கு வர 9 முதல் 12 மாதம் பிடிக்கும்.

ஒரு குதிரையை நம்பிப் பிழைப்பவருக்கு 12 மாதம் என்பது ஒரு முழு ஏப்ரல் பருவம் கையை விட்டுப் போவது. அதனால் நடப்பது என்ன? வலி மருந்து. பினைல்பியூட்டசோன் கொடுத்தால் நொண்டல் மறையும். வலி தெரியாத குதிரை கிழிந்த நாண்மேல் முழுப் பாரத்தையும் வைக்கும். கிழிசல் பெரிதாகும். நீண்ட நாள் கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் கேடு. மருந்தின்மேல் குற்றமில்லை. மிருக வைத்தியர் ஓய்வோடு சேர்த்து எழுதித் தருவதை, ஓய்வுக்குப் பதிலாகக் கொடுப்பதுதான் குற்றம்.

குளம்பும் வெறும் நகமல்ல. அடிப்பக்கம் திருப்பினால் நடுவே முக்கோணமாக, தொட்டால் அமுங்கும் ஒரு மெத்தை தெரியும். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது அமுங்கி, உள்ளிருக்கும் இரத்தத்தை மேலே தள்ள உதவுகிறது. நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டி வைக்கப்பட்ட குதிரைக்குக் கால் கணுக்கள் வீங்குவது இதனால்தான். ஈரச் சாணத்தில் நின்றால் அந்த மெத்தை அழுகும். கறுப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு அழுகும். மழைக்காலத்தில் மூக்குத்தான் முதல் வைத்தியர்.

■ பெட்டி: தினமும் ஐந்து நிமிடம்

நான்கு குளம்பையும் தூக்கி, கொக்கியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கல், ஆணி, நாற்றம் இருக்கிறதா பாருங்கள்.

முழங்காலிலிருந்து கீழே இரு கைகளாலும் தடவி வாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால், வீங்கியிருந்தால், அன்று சவாரி இல்லை.

குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்பக்க ஓரங்களில் நாடி இருக்கும். நலமான குதிரைக்கு அது மெல்லத்தான் தட்டும். துள்ளித் துடித்தால் குளம்புக்குள் அழற்சி. வைத்தியரை அழையுங்கள்.

கட்டாந்தரையில், தளர்ந்த கயிற்றோடு, நேராகச் சிறு ஓட்டம் ஓடவிட்டுப் பாருங்கள். நோவுள்ள முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் தொடும்போது தாழும். கண்ணை மூடினால் காதுக்கும் கேட்கும். தாளம் தப்பும்.

ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். இதை லாயச் சுவரில் எழுதி வையுங்கள்.

சேணத்துக்கு அடியில் என்ன?

காலை விட்டால் அடுத்தது முதுகு. 2008இல் அமெரிக்காவின் ஒகாயோவில் எட்டுக் குதிரைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குதிரையின் எடையில் 15, 20, 25, 30 வீதம் என்று பாரம் ஏற்றி ஓட்டினார்கள். 20 வீதம் வரை தாங்கின. 25ஐத் தொட்டதும் தசைகளில் நோவும் இறுக்கமும் கூடின.

இந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டு வந்து பாருங்கள். 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை ஒன்றுக்கு 20 வீதம் என்றால் 60 கிலோ, சேணத்தையும் சேர்த்து. பிள்ளை இறங்கியதும் "நானும் ஒரு ரவுண்ட் போறன்" என்று ஏறும் 75 கிலோ மாமா, சேணம் இல்லாமலே எல்லையைத் தாண்டிவிட்டார். மாமாமார் கோபிக்க வேண்டாம். நடந்தால் உங்கள் முழங்காலுக்கும் நல்லது.

வாடகைக் குதிரைகளில் அநேகமாக ஒரே சேணம் எல்லா முதுகுக்கும் போகிறது. அகலம் பொருந்தாத சேணம் தோளுக்குப் பின்னால் இரண்டு புள்ளிகளில் அழுத்தும். முதலில் வியர்வைத் தடத்தில் ஒரு காய்ந்த திட்டுத் தெரியும். பிறகு அங்கே வெள்ளை முடி முளைக்கும். சேணம் கழற்றிய முதுகில் வெள்ளைத் திட்டுக்களைப் பார்த்தால் அது பிறவி அழகு அல்ல, பழைய காயத்தின் சாட்சி.

வலியைக் குதிரை சொல்லத்தான் செய்கிறது. பிரித்தானிய மிருக வைத்தியர் சூ டைசன், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளை 2018இல் பட்டியலாகத் தந்தார். காதைப் பின்னால் மடித்தபடி வைத்திருப்பது, வாய் பிளப்பது, வாலைச் சுழற்றியடிப்பது, வெறித்த பார்வை, அடிக்கடி இடறுவது என்று போகிறது அந்தப் பட்டியல். எட்டும் அதற்கு மேலும் தெரிந்தால் எங்கோ வலி இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். முரட்டுக் குதிரை, சோம்பல் குதிரை என்று நாம் பட்டம் கட்டி அடித்து ஓட்டும் பலவற்றின் கதை இதுதான்.

போலோ வீரரும் ஒரு காரட்டும்

குதிரைக்குப் பிசியோதெரபியா என்று சிரிப்பவர்கள் உண்டு. இதன் தொடக்கத்தில் இலங்கையோடு தொடர்புள்ள ஒருவர் நிற்கிறார். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை 1944இல் பேராதனைக்குக் கொண்டு வந்த மவுண்ட்பேட்டன் பிரபு, போலோ பைத்தியம். அவருக்குச் சிகிச்சை செய்த பிசியோதெரபிஸ்ட் சார்ள்ஸ் ஸ்ட்ரோங், மனிதத் தசைக்குச் செய்ததையே அவருடைய போலோ குதிரைகளுக்கும் செய்து பார்த்தார். பலித்தது. பின்னாளில் ஸ்ட்ரோங் குதிரைக் காயங்கள் பற்றிப் புத்தகமே எழுதினார். இன்று பிரித்தானியாவில் இது தனித் தொழில். ஆனால் மிருக வைத்தியர் நோயைக் கண்டறிந்து அனுமதித்த பிறகே கை வைக்கலாம் என்பது அங்கே சட்டம். கிழிந்த நாணைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துப் பிசைந்தால் விபரீதம்.

சிகிச்சையின் பெரும்பகுதி இயந்திரம் கேட்பதில்லை. அடிபட்ட முதல் இரண்டு நாளும் காலில் குளிர்நீர், ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் அளவில், நாளுக்குப் பல தடவை. பிறகு வைத்தியர் குறித்த கணக்கில் கையில் பிடித்து நடத்துவது: சில நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, மாதங்கள் கழித்துத்தான் சிறு ஓட்டம். இந்தப் பொறுமையில் தவறுகிறவர்களே அதிகம். குதிரை நன்றாக நடக்கிறதே என்று இரண்டாம் மாதம் சேணம் வைப்பார்கள். மூன்றாம் மாதம் மறுபடி முதலிலிருந்து.

முதுகுக்கு ஒரு காரட் போதும். நரெல் ஸ்டப்ஸ், ஹிலரி கிளேட்டன் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. காரட்டைக் காட்டி, குதிரை தன் தலையை மார்புக்கும், முன்னங்கால்களுக்கு நடுவேயும், இரு பக்க விலாவுக்கும் கொண்டுவரச் செய்தார்கள். ஒவ்வொன்றும் ஐந்து தடவை, வாரத்தில் ஐந்து நாள், மூன்று மாதம். சவாரியே இல்லாமல், முதுகெலும்பை ஒட்டித் தாங்கும் ஆழத் தசை அளவில் பெருத்திருந்தது. காரட்டுக்குப் பதில் நம் தோட்டத்து வாழைப்பழத் தோலைக் காட்டினாலும் குதிரை திரும்பும்.

தென்னையும் உப்பும் மணலும்

சிலாபத்துக்கு வருவோம். தெதுறு ஓயா கடலில் கலக்கும் இடம். முன்னும் பின்னும் தென்னை. வடக்கே போகப் போக வறண்ட பூமி, புத்தளம் பாலாவிப் பக்கம் உப்பளங்கள். குதிரை வளர்ப்பவர் ஒருவர் இந்தக் கரையில் கண்ணைத் திறந்து பார்த்தால் அரைவாசிச் சாமான் காலடியில் கிடக்கிறது.

முதலில் உப்பு. குதிரையின் வியர்வை மனித வியர்வையைவிட உப்புச் செறிந்தது. நம் வெயிலில் வேலை செய்யும் குதிரை மணிக்குப் பத்து லீற்றருக்கு மேலும் வியர்க்கக்கூடும். உப்பையும் சேர்த்து இழப்பதால் அதற்குத் தாகமும் சரியாக எழாது. தீனியில் தினம் உப்பும், பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீரும் இல்லாமல் இங்கே குதிரை வைத்திருக்கக் கூடாது. இன்னொரு தொல்லையும் உண்டு: வியர்வை நின்றுபோகும் நோய். குளிர்நாட்டிலிருந்து வெப்பநாடுகளுக்குக் கப்பலில் வந்த குதிரைகளில் ஆங்கிலேயர் காலத்திலேயே கண்டறிந்தது. வெயிலில் மூக்குத் துளை விரிந்து வேகமாக மூச்சு வாங்கும், தோல் மட்டும் காய்ந்திருக்கும். அதை வெயிலில் ஓட்டுவது கொலை. விடியலிலும் அந்திக்குப் பிறகும்தான் வேலை.

அடுத்தது தேங்காய்ப் புண்ணாக்கு. மாட்டுக்கு என்றே நாம் நினைக்கும் இதை அவுஸ்திரேலியாவில் குதிரைத் தீனியாகப் பொதி கட்டி விற்கிறார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைவு, நாரும் கொழுப்பும் உண்டு. தானியமும் பாணும் மிஞ்சிப் போனால் குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் பிடி அழன்று விடும். குதிரைக்கு வரும் மிகக் கொடிய வலிகளில் ஒன்று அது. "பாவம், பசிக்கும்" என்று பாண் துண்டு நீட்டுகிறவர்கள் இதை அறியார். புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருக்கக் கூடாது என்பதே ஒரே நிபந்தனை. தும்புச்சோறு, படுக்கைக்கு நன்றாக ஈரத்தை உறிஞ்சும். இதுவும் வெளிநாட்டில் காசுக்கு விற்கிறது.

கடலும் மணலும் விவகாரமானவை. நீந்தும் குதிரையின் காலில் பாரம் இறங்காது, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் நீந்தும்போது தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொள்ளும். முதுகு நோவுள்ளதற்கு ஆகாது. வயிறளவு நீரில் நடத்துவது மேல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கடலில் அந்த யோசனையே வேண்டாம். மீனவரைக் கேட்டால் சொல்வார்கள்.

மணலில் ஓடினால் கால் பலப்படும் என்பது பாதி உண்மை. இறுகிய ஈர மணல் நல்லது. புதையும் காய்ந்த மணலில் ஓட்டினால் தசைநாண் இழுபடும். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் இறுகிய மணல் அலையோரத்தில் ஒடுங்கிய பட்டையாகத்தான் கிடைக்கிறது. அதுவும் கடலை நோக்கிச் சரிந்த பட்டை. ஒரே திசையில் போனால் ஒரு பக்கக் கால்கள் எப்போதும் பள்ளத்தில். போன தூரம் திரும்பியும் வர வேண்டும். ஐரோப்பியப் படங்களில் அகன்ற கடற்கரையில் பாயும் குதிரையைப் பார்த்துவிட்டு இங்கே அதைச் செய்யக் கூடாது.

■ பெட்டி: மணல் வயிற்றில்

மணல் தரையில் தீனி போட்டால் தீனியோடு மணலும் உள்ளே போகும். குடலில் தங்கி வயிற்றுவலி தரும், உயிரையும் எடுக்கும். தரையில் படாத சாணத்தில் ஐந்தாறு உருண்டையை எடுத்து, தெளிந்த பிளாஸ்டிக் பையில் நீரோடு கரைத்துத் தொங்கவிடுங்கள். அடியில் மணல் படிந்தால் எச்சரிக்கை. படியாவிட்டால் மணல் இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. தொட்டியில் அல்லது ரப்பர் விரிப்பில் தீனி போடுவதே காப்பு.

மார்க்கோ போலோவின் முறைப்பாடு

பொருள் இவ்வளவு இருந்தும் கை இல்லை என்றேன். இது இன்றைய குறையல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போவதையும் எழுதினார். அவர் சொன்ன காரணம்: லாடக்காரரும் குதிரை வைத்தியரும் அங்கே இல்லை. சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்களாம். விற்ற வணிகர்கள் லாடக்காரர் எவரும் கப்பலேறாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். பயணிகள் மிகைப்படுத்துவார்கள்தான். இந்த வணிகத் தந்திரம் மட்டும் கேட்டதும் நம்பும்படி இருக்கிறது.

1344இல் இன்னொரு பயணி, இப்னு பதூதா, புத்தளத்தில் கரையேறினார். யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி அவரைச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பி வைத்தது பல்லக்கில். வழியில் அவர் தங்கிய பந்தர் சலாவாத் சிலாபமே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். ஆனால் குதிரையின் உருவமாவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முன்னேசுவரத்துச் சூழலில் ஐயனாருக்கும் கோயில் உண்டு. ஐயனாரின் மண்குதிரைக்குக் கால் நோகாது, அது வேறு.

இன்றைக்கு வருவோம். சவாரிக் குதிரையின் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சமன் செய்ய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் குதிரைப் பந்தயம், பொலிஸ் குதிரைப் பிரிவு, சவாரிக் கழகம் இருக்கும் இடங்களைச் சுற்றித்தான் கிடைப்பார். மாட்டுக்கு லாடம் கட்டிய கைகள் வண்டிகளோடு போய்விட்டன. அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் பசுவும் ஆடும் கோழியுமே நாள் முழுக்க வேலை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலிருந்து வெளியேறும் இளம் வைத்தியருக்குத் தம் தொழிலில் குதிரையைத் தொடக் கிடைக்கும் சந்தர்ப்பமே சொற்பம். வைத்தியருக்கும் குதிரைக்காரருக்கும் நடுவே நிற்க வேண்டிய லாடக்காரரும் பிசியோதெரபிஸ்டும் இல்லாமல், நல்ல வைத்தியர் எழுதிய நல்ல மருந்துச்சீட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

நெடுந்தீவுக் கல்லும் கற்பிட்டி மணலும்

கவனிப்பார் இல்லாத குதிரைகளைப் பார்க்க நெடுந்தீவுக்குப் போகலாம். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை வளர்ப்பின் மிச்சமாக அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. வறட்சியில் தண்ணீரின்றிச் செத்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. ஆனால் பவளக்கல் தரையில் நாள் முழுக்க நடக்கும் மிருகத்துக்குக் குளம்பு தானே தேயும்.

புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துக் கழுதைகளுக்கு அந்த வசதி இல்லை. ஒருகாலத்தில் உப்பு மூட்டையும் சரக்கும் சுமந்தவை, லொறி வந்ததும் தெருவுக்கு வந்தன. மெத்தென்ற மணலில் குளம்பு தேயாது, வளர்ந்து முனை மேலே வளையும். இரவில் தார்ச்சாலையின் சூட்டுக்காக நடுவீதியில் வந்து நிற்கும்போது வாகனம் மோதும். மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா அமைப்பு கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியது இத்தகைய காயங்களுக்காகத்தான்.

கழுதை வலியைக் காட்டாது. குதிரை நொண்டும் நோவில் கழுதை சும்மா நிற்கும், தின்னும் வேகம் மட்டும் குறையும். குதிரைக்குரிய வலி மருந்தும் அதன் உடலில் சீக்கிரமே கழிந்துவிடும், இடைவெளியை வைத்தியர்தான் மாற்றிக் கணக்கிட வேண்டும். சவாரிக் குதிரையின் காலைப் படித்தவர் இந்தக் கரையில் பிழைக்க வேண்டுமானால் கழுதையின் காலிலும் கை வைக்க வேண்டியிருக்கும். தொழில் பழகவும் அது நல்ல இடம்.

நூறு ரூபாய்

நோயுற்ற, காயமுற்ற மிருகத்தை வேலை வாங்குவது இலங்கையில் குற்றம். 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அது எழுதிய அபராத உச்சவரம்பு 100 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்குச் சிலாபம் சந்தியில் ஒரு செவ்விளநீருக்கே போதாது. இதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் மிருக நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. அதன்பின் அரசாங்கங்கள் மாறின, வரைவு மேசை மாறியது.

சவாரிக் குதிரைகளுக்கு உள்ளூராட்சி மன்றம் ஆண்டு உரிமம் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். கடைசியாகக் குளம்பு வெட்டிய திகதி என்ன? இந்தக் குதிரையின் எடை எவ்வளவு, எத்தனை கிலோ ஆள் வரை ஏற்றுகிறீர்கள்? காலில் நோவு வந்தால் ஓய்வு கொடுக்கும் மாதங்களில் இதற்குத் தீனிச் செலவு யார் தருவது? முதல் இரண்டுக்கும் குதிரைக்காரர் பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதற்கு அவரிடம் பதில் இல்லை. சவாரிக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை ஓய்வு நிதியாக ஒதுக்குவதா, பருவகாலத்தில் வருமானம் பார்க்கும் ஹோட்டல்கள் பங்கு போடுவதா என்பதை மன்றமும் உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பேசாமல் குதிரைக்காரரைக் கொடுமைக்காரர் என்று மட்டும் ஏசிக்கொண்டிருந்தால், அவர் பினைல்பியூட்டசோன் பொட்டலத்தை ஒளித்துக் கொடுக்கத்தான் பழகுவார்.